போர்வைக்குள் இருக்கும் பாதங்கள்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். ரயில்கள் நின்றுபோயின. அலுவலகத்திலிருந்து கிளம்பியவர்கள் தண்டவாளத்தின் மேலும், இடுப்பளவு தண்ணீரிலும் மணிக்கணக்கில் நடந்து செம்பூர், முலுண்ட், தாணே என்று வீடு போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளம் வடிந்த சில நாட்களில் அடுத்த துயரம் ஆரம்பமானது. காய்ச்சல், உடல்வலி, மஞ்சள் படர்ந்த கண்கள், குறைந்துபோன சிறுநீர் என்று மருத்துவமனைகள் நிரம்பின. எலிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் அது. எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கிய நீரில் கலந்து, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக, பித்தவெடிப்பு வழியாக உடம்புக்குள் நுழைகிறது. நுழைந்த கிருமி சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்குகிறது.

அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மும்பை மாநகராட்சி அறிவிப்பு வெளியிடுகிறது. வெள்ள நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். காலில் புண் இருப்பவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்கிறது. தாராவியிலும் சயனிலும் கல்வாவிலும் வாழும் தமிழர்களுக்கு இது பழகிப்போன அறிவிப்பு. காலில் பட்ட கீறல் சிறுநீரகம்வரை போகும் என்பதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது.

இதே வழியில் எதிர்த்திசையிலும் ஆபத்து வருகிறது. சிறுநீரகம் கெட்டால் பாதம் கெடும். அதைப் பற்றி எந்த அறிவிப்பும் வருவதில்லை. ‘கிரியாட்டினின் கூடிவிட்டது’ என்று தெரிந்த நாள் முதல் வீட்டில் உப்பு குறைகிறது, தண்ணீர் அளக்கப்படுகிறது, வாழைப்பழமும் இளநீரும் நிறுத்தப்படுகின்றன. காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதத்தில் புண் வந்து, அது கறுத்து, ‘விரலை எடுக்க வேண்டும்’ என்று அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்லும்போதுதான் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியே எழுகிறது.

சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

முதலில் நரம்பு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தங்கும்போது நரம்புகள் பழுதடைகின்றன. உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்குப் போகும் நரம்புகள் என்பதால் சேதம் அங்கிருந்து தொடங்குகிறது. நோயாளிகள் இதை அவரவர் மொழியில் சொல்வார்கள்: “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு”, “செருப்பு நழுவி விழுந்ததுகூடத் தெரியல”, “ராத்திரி ஆனா உள்ளங்கால் எரியுது”. எரிச்சல் இருக்கும்வரை மருத்துவரிடம் போகிறார்கள். எரிச்சல் அடங்கி மரத்துப்போனதும் குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஆபத்து அந்த இரண்டாவது கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்து ரத்தக்குழாய். உணவிலிருந்து வரும் பாஸ்பரஸை நல்ல சிறுநீரகம் தேவைக்கு மேல் சேரவிடாமல் வெளியேற்றும். அந்த வேலை நின்றால் பாஸ்பரஸும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிகின்றன. குழாய் விறைத்து, கால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. காலில் ரத்த ஓட்டத்தை அறிய, கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவது வழக்கம். விறைத்துப்போன குழாயைப் பட்டையால் அழுத்தி அடைக்க முடியாததால், ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும் அளவு நன்றாக இருப்பதாகவே காட்டும். ஆகவே சிறுநீரக நோயாளிக்கு கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பதுதான் நம்பகமானது. ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகும் முன் விரலில் பார்த்தார்களா, கணுக்காலில் மட்டும் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பிறகு தோல். சிறுநீரக நோய் முற்றும்போது வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்குகின்றன. தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. தாங்க முடியாமல் அரிக்கிறது. சொறிந்த இடத்தில் நகம் கீறுகிறது, குதிகாலில் வெடிப்பு ஆழமாகிறது. உடம்பில் நீர் சேர்ந்து கால் வீங்கும்போது அதே தோல் இழுபட்டு இன்னும் மெல்லியதாகிறது. வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாததால் கிருமி எளிதில் பரவுகிறது. காய்ச்சல்கூட வராமல் சீழ் பிடிப்பதும் உண்டு. ரத்தசோகையும் புரதக் குறைவும் இருப்பதால் ஆறுவதற்கு ஆகும் காலம் நீள்கிறது.

இத்தனையும் நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் வரக்கூடியவை. நீரிழிவும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகிறது. நம் நாட்டில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நாடு முழுவதும் உள்ள மருத்துவமனைகளிலிருந்து திரட்டப்பட்டு 2012இல் வெளிவந்த சிறுநீரக நோய்ப் பதிவேட்டில், நோய்க்கான காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்கு, 31 சதவீதம். சர்க்கரை நோய் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. பார்வை மங்கிய, குனிய முடியாத, கால் மரத்த ஒருவருக்குத் தன் பாதத்தில் புண் இருப்பது எப்படித் தெரியும்? சாக்ஸில் கறை பட்டிருப்பதையோ நாற்றம் வருவதையோ வீட்டில் வேறு யாராவது கவனித்தால்தான் உண்டு.

டயாலிசிஸ் தொடங்கும் காலம் தனிக் கவனம் வேண்டிய காலம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு நோயாளிகளுக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கும் காலத்தை ஒட்டிக் கால்புண் வருவது அதிகரிப்பதைக் கண்டார்கள். மான்செஸ்டரிலிருந்து 2010இல் வந்த ஆய்வு, மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் டயாலிசிஸே கால்புண்ணுக்குத் தனி அபாயமாக நிற்பதாகச் சொன்னது. இயந்திரம் ஓடும்போது ரத்த அழுத்தம் இறங்கினால் பாதத்துக்குப் போகும் ரத்தம் மேலும் குறைகிறது. நான்கு மணி நேரம் ஒரே நிலையில் படுத்திருப்பதால் குதிகால் அழுந்துகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கே போய்விடுவதால், காலைக் காட்ட இன்னொரு மருத்துவரிடம் போக உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் காசில்லை. அந்த அலுப்பைக் குறை சொல்லவும் முடியாது.

புண் வருமுன் காப்பதே முக்கியம் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. மற்றவர்களுக்குக் காலில் புண் வந்தால் சிகிச்சைக்குப் பல வழிகள் இருக்கின்றன. சிறுநீரக நோயாளிக்கு ஒவ்வொரு வழியும் குறுகிவிடுகிறது. கடுமையான தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. எங்கே ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது என்று பார்க்க ஆஞ்சியோகிராம் எடுத்தால், அதற்குச் செலுத்தும் மருந்து மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டைக் குறைக்கலாம். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் மாத்திரைகள் நேரடியாகவே கேடு. காலைக் காப்பாற்றப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, சிறுநீரகத்தைக் காப்பாற்ற நினைத்தால் கால் கையைவிட்டுப் போகிறது என்ற நெருக்கடியில் மருத்துவர் தவிப்பார். புண் வராமல் பார்த்துக்கொள்வதற்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

பாதத்தைக் காப்பது பற்றி உலகம் கற்ற பாடத்தில் பெரும்பகுதி தமிழ் மண்ணில் எழுதப்பட்டது. சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் முன்பே தொழுநோய் அந்தப் பாடத்தைத் தந்தது. கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். எங்கிருந்து இவ்வளவு பலம் என்று வியந்தபோதுதான் தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார். சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை.

அந்த ரத்தத் துளியிலிருந்து அவர் ஆய்வு வேறு திசையில் போனது. சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாததால் தினசரி வேலைகளில் காயப்பட்டு, காயத்தின் மேலேயே நடந்து நடந்து கால் போகிறது என்பதை நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்து நிறுவினார். சிலருக்கு இரவில் படுத்த இடத்தில் விரல் காணாமல் போனது. மறைந்திருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு விரல்களைக் காப்பாற்றியது. மும்பையின் சால் எனப்படும் நெரிசலான குடியிருப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் தரையில் பாய் விரித்துப் படுக்கும் மரத்த காலுடைய சிறுநீரக நோயாளிக்கு இன்றைக்கும் எலி உண்மையான ஆபத்துதான். கட்டிலில் படுப்பதோ, கொசுவலையை நன்றாகச் செருகிக்கொள்வதோ மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய விஷயம்.

பிராண்டுக்கு முன்பே, 1930களில், கொழும்பில் பணிபுரிந்த தமிழ் அறுவை சிகிச்சை மருத்துவர் மில்ராய் பால், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்குப் பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு நடக்கவிட்டார். உடம்பின் பாரம் புண்ணின் மேல் குவியாமல் பரவியதால் புண் ஆறியது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையையும், மிருதுவான ரப்பர் செருப்பு பற்றிய வேலூர் அனுபவத்தையும் கொண்டுபோனார். அங்கிருந்து அது நீரிழிவு நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளங்காலில் புண் வந்தவர்களுக்கு உலகெங்கும் இன்று போடப்படும் மாவுக்கட்டின் மூலம் இலங்கையிலும் வேலூரிலும் இருக்கிறது.

மும்பையில் இந்த வேலையை எடுத்துச் செய்தவர்களில் அறுவை சிகிச்சை மருத்துவர் அருண் பால் முக்கியமானவர். நீரிழிவுப் பாதத்தைக் கவனிக்க மருத்துவர்களை ஒன்றுசேர்த்த இந்தியச் சங்கத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாக்பூரில் சரத் பெண்ட்சே, சென்னை ராயபுரத்தில் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை என்று இந்தப் பணி விரிந்தது. இவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: வெறுங்காலோடு நடக்கும் நாட்டில், மேல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் போதாது.

மும்பைத் தமிழரின் நாளை எடுத்துக்கொண்டாலே இது புரியும். வீட்டுக்குள் செருப்புப் போடுவதை நம் மனம் ஏற்பதில்லை. மாட்டுங்காவின் கோயில்களுக்குப் போனாலும் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மே மாத நண்பகலில் பிரகாரக் கல் சுடுவது மரத்த காலுக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டில்தான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். பொங்கலுக்குத் தாராவி 90 அடி சாலையில் அடுப்பு மூட்டிப் பானை வைக்கும்போது காலடியில் கங்கு கிடக்கும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு லோக்கல் ரயிலில் போகிறவர்கள் உண்டு. காலை எட்டரை மணி ரயிலில் மற்றவர்களின் பூட்ஸ் எங்கே மிதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நம்பிக்கையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ கோயிலுக்குப் போகலாம். தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குள் அணிய என்றே ஒரு ஜோடிச் செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். விரத காலத்தில் செருப்புக்குக் குருசாமியிடம் விலக்குக் கேட்பதிலும் தவறில்லை.

மழைக்காலம் வேறொரு சோதனை. தெருத் தண்ணீரில் நடந்து வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைப் பருத்தித் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். இடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். அந்த வெடிப்பின் வழியாகத்தான் மற்றக் கிருமிகள் நுழைகின்றன. ஈரமான ஷூவை மறுநாளும் போடக் கூடாது. வெள்ளத்தில் நடக்க நேர்ந்தால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றித் தன் சிறுநீரக மருத்துவரையே கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டதை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. தினமும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு பாதத்தின் மேல்புறம், உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு என்று எல்லா இடத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், மொபைலில் படம் எடுத்துப் பார்க்கலாம். பார்வை குறைந்தவருக்கு மகளோ பேரனோ பார்க்க வேண்டும். “அப்பா, காலைக் காட்டுங்க” என்று மகள் கேட்டால், பெற்ற பிள்ளையிடம் காலை நீட்டுவதா என்று கூச்சப்படும் தகப்பன்மார் இன்றும் உண்டு. அந்தக் கூச்சத்தை விட்டுவிட வேண்டும். கொப்புளம், நிறமாற்றம், வெடிப்பு, கால் ஆணி, நகச்சுற்று, சுடுகிற இடம், நீர் கசியும் இடம் எதுவாக இருந்தாலும் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘ஆறிடும், பார்க்கலாம்’ என்று ஒரு வாரம் தள்ளுவதில்தான் பலருக்கு விரல் போயிருக்கிறது.

வீக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரக நோயாளிக்குக் கால் வீங்கினால் ‘நீர் வைத்திருக்கிறது’ என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், நோயாளி உள்பட. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் அது சரியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால் அதைச் சிறுநீரகத்தின் மேல் போடக் கூடாது. உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், ரத்தம் உறைந்திருக்கலாம், மரத்துப்போன பாதத்தின் எலும்புகள் வலியே இல்லாமல் நொறுங்கிக்கொண்டும் இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு பாதங்களின் ஒரே இடத்து வெப்பத்தில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடப்பதைக் குறைத்து மருத்துவரைப் பார்க்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டிகள். கருவி இல்லாதவர்கள் புறங்கையால் தொட்டு ஒப்பிடலாம். அப்படிப் பார்ப்பவர் உணர்ச்சி உள்ள கை உடையவராக இருக்க வேண்டும். வீக்கத்துக்கு இறுக்கமான சாக்ஸ் வாங்கிப் போடுவதும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாதது. ரத்த ஓட்டம் குறைந்த காலை அது மேலும் நெரிக்கும்.

மரத்துப்போயிருக்கிறதா என்பதை மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் சோதிப்பார்கள். வீட்டில் செய்ய இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மிக இலேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, திரும்பத் தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று நோயாளி சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். செலவே இல்லாத இந்தச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு செய்து பார்த்துவிடலாம்.

செருப்பு வாங்குவதிலும் சிறுநீரக நோயாளிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. டயாலிசிஸுக்கு முந்தைய நாள் கால் ஒரு அளவு, முடிந்து வந்ததும் வேறு அளவு. ஆகவே வீக்கம் அதிகமாக இருக்கும் நேரத்தில், சாயங்காலத்தில், கடைக்குப் போய், ஒட்டும் பட்டையால் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற செருப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வார் போகும் ரப்பர்ச் செருப்பு வேண்டாம். வார் உரசும், மரத்த காலிலிருந்து நழுவவும் செய்யும். குதிகாலைப் பிடிக்கும் பின்வார் வேண்டும். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஆணி, கல், பேரனின் விளையாட்டுச் சாமான் என்று எதுவும் இருக்கலாம்.

செய்யக் கூடாதவற்றுள் முதலாவது பிளேடு. கால் ஆணியை வீட்டில் அறுப்பது, முடி திருத்தும் கடையில் அறுத்துக்கொள்வது இரண்டுமே ஆபத்து. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கப்படுவதால் சின்ன வெட்டும் நிற்காமல் கசியும். கார்ன் கேப் ஒட்டுவதும் வேண்டாம். அதிலிருக்கும் அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். டயாலிசிஸ் முடிந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பது வழக்கம். உணர்ச்சி இல்லாத காலில் அது வெந்து கொப்புளமாகும். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயோ, மருத்துவர் தரும் யூரியா கலந்த களிம்போ தடவலாம், விரல் இடுக்கைத் தவிர்த்து. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரங்களைத் தோண்டக் கூடாது. பீடி, சிகரெட் காலின் ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன. பல் தேய்க்கும் மிஷேரியும் புகையிலைதான் என்பதை இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. புண்ணுக்குப் பஸ்பமும் செந்தூரமும் வாங்கிச் சாப்பிடுவது கெட்டுப்போன சிறுநீரகத்தின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மருத்துவர் பாதத்தைப் பார்க்க வேண்டும்? நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் புதுப்பித்த வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது. அபாயம் குறைந்த நீரிழிவு நோயாளிக்கு வருடம் ஒரு முறை போதும். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்து, அதோடு சிறுநீரகமும் இறுதிக் கட்டத்தில் இருந்தால், அவர் அபாயம் மிக அதிகமான வகுப்பில் வருகிறார். ஏற்கெனவே புண் வந்தவரும் விரல் இழந்தவரும் இருக்கும் அதே வகுப்பு. அவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை பரிசோதனை.

இதற்கென்று தனியாக எங்கேயும் அலைய வேண்டியதில்லை. டயாலிசிஸ் நோயாளி வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் மருத்துவமனைப் படுக்கையில்தான் இருக்கிறார். எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஊசி குத்துவதற்காகக் கையில் அமைத்த பிஸ்டுலா துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். ஏ.சி. குளிருக்குப் போர்த்திய போர்வைக்குள் பாதம் மட்டும் பார்க்கப்படாமலே வீடு திரும்புகிறது. மாதம் ஒரு முறை போர்வையை விலக்கி, சாக்ஸைக் கழற்றி இரண்டு நிமிடம் பார்ப்பதற்குக் கூடுதல் இயந்திரமோ கூடுதல் இடமோ தேவையில்லை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் அழுந்தாமல் செய்வதற்கும் செலவில்லை. சயன் லோகமான்ய திலக் மருத்துவமனையானாலும், கல்வாவில் தாணே மாநகராட்சி நடத்தும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் மருத்துவமனையானாலும், அறக்கட்டளைகள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் மையங்களானாலும், எங்கும் இது நடைமுறையாக வேண்டும்.

அரசு செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிபா புலே ஜன் ஆரோக்கிய யோஜனாவில் ஏழைகளுக்கு டயாலிசிஸ் கிடைக்கிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் உண்டு. தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில், உணர்ச்சி இழந்த கால்களுக்கு எம்.சி.ஆர். என்னும் மிருதுவான ரப்பர்ச் செருப்பு இலவசமாகத் தரப்படுகிறது. அதே உணர்ச்சி இழப்பு டயாலிசிஸ் நோயாளிக்கும் இருக்கும்போது அதே செருப்பு அவருக்கும் கிடைப்பதுதான் நியாயம். அதைத் தைக்கும் கை இந்த ஊரிலேயே இருக்கிறது. தாராவியின் தோல் தொழிலை வளர்த்ததில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் வழிவந்தவர்களின் பட்டறைகளில் இன்றும் பையும் பெல்ட்டும் செருப்பும் தயாராகின்றன. டயாலிசிஸ் மையத்துக்கும் பட்டறைக்கும் இடையே இருப்பது சில தெருக்கள்தான்.

அதுவரை நோயாளிகள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போகும்போது, ஊசி குத்தும் முன்பே போர்வையை விலக்கிவிட்டு, “சிஸ்டர், இன்னைக்கு என் காலையும் ஒரு தடவை பாருங்க” என்று கேளுங்கள். உடன் போகிறவர்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.